கூப்பிடாமல் வருகிறவர்

கோரிமேட்டில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கமிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்களும் முந்தின இரவே வந்து துண்டு விரித்துப் படுத்தவர்களும் ஜிப்மரில் சீட்டு வாங்க நிற்கிறார்கள். கையில் மஞ்சள் பை, பழைய எக்ஸ்ரே உறை, தூக்குவாளி. புதுச்சேரி இன்று மருத்துவமனைகளின் ஊர். பாரதி பூங்காவுக்கு அருகே பெரியாஸ்பத்திரி இருக்கிறது. நகரைச் சுற்றி அரை மணி நேரத் தூரத்துக்குள் பல மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் பேர்கூட இல்லாத ஒன்றியப் பகுதிக்கு இத்தனை ஆஸ்பத்திரிகள்.

இவ்வளவு பேர் நகரை நோக்கி வரும் அதே காலை நேரத்தில் ஒரு பெண் எதிர்த்திசையில் கிளம்புகிறார். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நான்கு பனிக்கட்டிப் பொதிகள். தோள்பையில் ரத்த அழுத்தக் கருவி, இரும்புச்சத்து மாத்திரைகள், ஓரம் மடங்கிய பெரிய பதிவேடு. வில்லியனூரைத் தாண்டியோ பாகூர்ச் சாலையிலோ மண்ணாடிப்பட்டுப் பக்கமோ அவர் போகிறார். அரசுக் கோப்பில் அவர் ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர்; ஊரில் நர்சம்மா.

மருத்துவத்தைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் மருத்துவரைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும்தான். அங்கே போவதற்கு நோயாளி முதலில் தன்னை நோயாளி என்று உணர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியும் அந்தப் பெண்ணுக்கு இல்லாதது போலத்தான். நர்சம்மாவுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. யாரும் கூப்பிடாமலே அவர் வீட்டுக்கு வருகிறார். பொதுச் சுகாதாரத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். எந்த ஊரில் மருத்துவமனைகள் அதிகமோ அந்த ஊரில்தான் இதை மறப்பதும் எளிது.

புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டும் சமாதானம் பேசியும் பங்கிட்ட கிராமங்கள், 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும், சிதறிய துண்டுகளாகவே தமிழ்நாட்டுக்குள் கிடக்கின்றன. ஒரே சாலையில் போகும்போதே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்து மறுபடியும் புதுச்சேரி வரும். எல்லை எங்கே என்பது சாராயக்கடையையும் பெட்ரோல் பங்க்கையும் வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அதைத் தாண்டித்தான் நடக்கிறது.

நர்சம்மாவின் பதிவேடு மட்டும் அந்த எல்லையில் நின்றுவிடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்முடைய வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏழு மாதம் இவர் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துக் கவனித்த பெண், மிகவும் கவனம் வேண்டிய கடைசி வாரங்களில் இன்னொரு மாநிலத்தில் இருப்பாள். அங்கே கையில் வேறு அட்டை, வேறு எண். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி நம்பர் என்ற கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை அந்தப் பக்கத்துத் திட்டம். எந்த ஊர்ப் பெண், எந்தக் கணக்கில் சேரும், யார் பொறுப்பு என்று இரண்டு பக்கமும் கேள்வி எழும். காகிதத்தில் அவள் இரண்டு இடத்திலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

இந்த இடைவெளியை அடைப்பது ஒரு தொலைபேசி அழைப்புதான். "அக்கா, எங்க பொண்ணு ஒண்ணு உங்க ஊருக்கு வந்திருக்கு. முதல் பிரசவம். ரத்தம் எட்டுதான் இருக்கு. மாத்திரையச் சரியாப் போடாது, கொஞ்சம் போய்ப் பாத்துடுங்க." அந்தப் பக்கம் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் இவருக்குச் சொந்தமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. எந்தச் சுற்றறிக்கையும் இந்த அழைப்பைக் கேட்பதில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நர்சம்மா ஒருவர் இப்படிப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். "எங்க பொண்ணு" என்று அவர் சொன்னபோது பெண்ணின் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாடுகிறவர் வீட்டிலேயே ஒருவர் இருக்கையில், வெளியிலிருந்து வந்தவரும் அதையே சொல்கிறார். மாமியார் மறுக்கவில்லை.

வளைகாப்பு வீட்டில் மற்றவர்கள் வளையலின் நிறத்தைப் பார்ப்பார்கள். நர்சம்மா வளையல் மணிக்கட்டில் பதிகிறதா என்று பார்ப்பார். மெட்டி இறுகியிருக்கிறதா, முகம் ஊதியிருக்கிறதா, தலை வலிக்கிறதென்று சொன்னாளா, கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதா. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது பல நேரம் வலி எதுவும் காட்டாது. வலிப்பு வந்த பிறகு ஆம்புலன்ஸ் பிடித்து ஓடுவதற்கும், ஆறு வாரம் முன்பு மெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கும் இடையில் இருப்பது ஒரு உயிர், சில நேரம் இரண்டு. கீழிமையை இழுத்துப் பார்க்கிறார், நகத்தை அழுத்திப் பார்க்கிறார். பதினொரு கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே போயிருந்தால், பிரசவத்தில் மற்றவர்கள் தாங்கிவிடும் ரத்தப்போக்கு இவளைக் கொன்றுவிடும். அதனால்தான் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை. அதைத் தின்றால் வயிறு புரட்டும், மலம் கருப்பாகப் போகும். பயந்துபோய் மாத்திரையை அரிசிப் பானைக்குள்ளோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ ஒளித்து வைத்துவிடுவார்கள். "கருப்பாப் போனா மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கோ தாயி, ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடு, டீயோட போடாத" என்று சொல்ல ஒருவர் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பது சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தாலும், அடுப்படியில் நின்று சொல்லும்போதுதான் காதில் ஏறுகிறது.

புதுச்சேரியில் மேற்கத்திய மருத்துவம் வந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்துதான் ஜிப்மர் தன் வரலாற்றைச் சொல்கிறது. அது 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964இல் ஜிப்மர் ஆனது. 1827இல் குளூனி சபைக் கன்னியர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். ஆன்-மரி ழாவுவே பிரான்சில் தொடங்கிய சபை அது. பள்ளிக்கூடம், நோயாளிகளைக் கவனித்தல், ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் என்று அவர்கள் வேலை விரிந்தது. ரொமேன் ரோலான் வீதியில் அவர்களுடைய பூத்தையல் கூடம் இன்றும் நடக்கிறது. ஆனால் இவையெல்லாம் கடற்கரையை ஒட்டிய நகரத்துக்குள் நடந்தவை. நகரைப் பிரிக்கும் கால்வாய்க்கு இந்தப் பக்கம், அதற்கும் அப்பால் வயல்களுக்கு நடுவே, பிள்ளை பெறுவது மருத்துவச்சிக் கிழவியின் கைக்கும் கடவுளின் சித்தத்துக்கும் விடப்பட்டிருந்தது.

பிரெஞ்சு ஆட்சிக்கு மக்களைப் பதிவு செய்வதில் பெரிய அக்கறை இருந்தது. எத்தா சிவில் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. தாத்தா பெயரைத் தேடிக்கொண்டு, பிரெஞ்சுக் குடியுரிமைக்காக அந்தத் தாள்களைப் புரட்டியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நர்சம்மாவின் பதிவேட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதிவேடும் கூடவே நினைவுக்கு வருகிறது. எத்தா சிவில் குழந்தை பிறந்த பிறகு ஆரம்பிக்கிறது. இவருடையது தகுதியுள்ள தம்பதிகள் பட்டியலில், கல்யாணம் முடிந்த வாரத்தில் ஆரம்பிக்கிறது. நாள் தள்ளிப்போனதும் ஒரு வரி. மூன்றாம் மாதத்தில் கலைந்தால் ஒரு வரி. வயிற்றிலேயே இறந்து பிறந்தால் அதற்கும் ஒரு வரி. பெயர் வைக்கப்படாதவர்களும் இந்தத் தாளில் எழுதப்படுகிறார்கள். மூன்று முறை கலைந்த பெண்ணின் வீட்டுக்கு நான்காம் முறை அவர் இரண்டு வாரம் முன்னதாகவே போய் நிற்பதற்கு அந்த வரிகள்தான் காரணம்.

இப்படி ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 1890களில், தன் முதுமையில், இந்தியக் கிராமங்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பேசும் சுகாதாரப் பெண்கள் தேவை என்று எழுதினார். விளக்கேந்திய சீமாட்டி என்று போர்க்கள மருத்துவமனையோடு சேர்த்தே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தக் கிழவி எழுதிய கிராமக் கட்டுரைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. 1946இல் போர் என்பவர் தலைமையிலான அரசுக் குழு கிராமத்துக்கு அருகே சுகாதார நிலையம் வேண்டும் என்றது. 1950களில் ஏ.என்.எம். பயிற்சி தொடங்கியது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது இன்றைக்கும் நாட்டின் அளவுகோல்.

முதலில் பிரசவம் பார்ப்பதுதான் அவருடைய வேலை. 1973இல் கர்தார் சிங் குழு வந்து, தனித்தனி நோய்க்குத் தனித்தனி ஆள் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒருவர் போதும் என்றது. தடுப்பூசி, மலேரியா, காசநோய், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரே தோளில் ஏறின. இதில் குடும்பக் கட்டுப்பாடு அவருக்குச் செய்த தீங்கைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை பொய்யாகிவிடும். இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு வைத்தார்கள். "கேஸ் பிடிக்கணும்" என்றுதான் அன்று பேச்சு. இலக்கை எட்டாவிட்டால் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும், சம்பளம் நிற்கும், இடமாற்றம் வரும். நெருக்கடி நிலை காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. நர்சம்மா வருகிறார் என்றால் பெண்கள் கொல்லைப்புறமாக வயலுக்குப் போய்விடுவார்கள், குழந்தைக்கு ஊசி போடுவதும் அதோடு தவறிப்போகும். 1996இல்தான் நாடு முழுக்க அந்த இலக்குமுறை கைவிடப்பட்டது. ஒரு வீட்டில் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற அடுத்த தலைமுறை நர்சம்மாக்கள் பட்ட பாடு எந்த அறிக்கையிலும் இல்லை. கூப்பிடாமல் வருகிறவருக்கு வாசலில் இருக்கும் ஒரே அனுமதிச்சீட்டு, அவர் தன் கணக்குக்காக வரவில்லை என்று அந்த வீடு நம்புவதுதான். அரசு அதையே கிழித்துப் போட்டது.

அந்த நம்பிக்கை எதுவரை போகும் என்பதற்கு அந்தமானில் ஒருவர் இருக்கிறார். சாந்தி தெரசா லக்ரா. சோட்டா நாக்பூர் பக்கமிருந்து தீவுகளில் குடியேறிய ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்த ஏ.என்.எம். 2001 வாக்கில் லிட்டில் அந்தமான் தீவின் டுகாங் கிரீக்கில், சுமார் நூறு பேர் மட்டுமே எஞ்சியிருந்த ஓங்கே மக்களிடையே வேலைக்குப் போனார். வெளியாட்களால் நோயும் அழிவும் மட்டுமே கண்டிருந்த ஒரு சமூகம், வெளியிலிருந்து வந்த இன்னொருத்தியை எதற்காக உள்ளே விட வேண்டும்? அவர் அங்கேயே இருந்தார், அவர்களுடைய பேச்சைக் கற்றார். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. ஓங்கே மக்கள் கடலைப் படிக்கத் தெரிந்தவர்கள், மேட்டுக் காட்டுக்குள் ஏறி உயிர் பிழைத்தார்கள். லக்ராவும் அவர்களோடு காட்டில் கூடாரத்தில் தங்கி வேலை செய்தார். பின்னால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பழங்குடி நோயாளிகளைக் கவனித்தார். 2011இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அதே அலைதான் நம்முடைய வீராம்பட்டினத்தையும் காரைக்கால் கரையையும் அடித்தது. இங்கேயும் முகாம்களில் குளோரின் கலந்து, அட்டை தொலைந்த பிள்ளைகளுக்கு ஊசிக் கணக்கை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்த நர்சம்மாக்கள் உண்டு. அவர்களுக்கு விருது வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதைவிட, அந்த நினைவாற்றலை ஒரு தொழில்திறமை என்று யாராவது மதித்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

புதுச்சேரியில் கூப்பிடாமல் வருவதற்கு இன்னொரு வடிவமும் இருந்தது. அது இரவில் வந்தது. இந்த ஊர் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. சாக்கடைக் கொசு பரப்பும் நுண்புழுக்கள் பகலில் உடம்பின் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும், இரவில்தான் தோலுக்கு அருகே ரத்தத்தில் வரும். ஆகவே ரத்தம் எடுப்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்ட வேண்டும். 1975இல் இங்கே தொடங்கிய கொசு ஆராய்ச்சி நிலையம், 1980களின் தொடக்கத்தில் நகரம் முழுக்கக் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரிய வேலையை எடுத்துச் செய்தது. தூங்கும் பிள்ளையை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்க ஒரு வீடு சம்மதிக்கிறது என்றால், கேட்கிறவரின் முகம் அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புழு போனாலும் வீங்கிய கால் போகாது. அந்தக் காலோடு நாற்பது வருடம் வாழ்கிறவர்களுக்கு மருந்தைவிடத் தேவை, காலைக் கழுவிக்கொள்ளத் தெரிவது. தண்ணீரில் சோப்பு போட்டு விரலிடுக்குகளை மெல்லக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைத்து, புண் இருந்தால் களிம்பு தடவி, இரவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் கிருமி ஏறும், காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் தடிக்கும். இவ்வளவு எளிய விஷயத்தை வாயால் சொன்னால் யாரும் செய்வதில்லை. ஊரே பார்க்கத் தயங்கும், பெற்ற பிள்ளைகளே தொடத் தயங்கும் அந்தக் காலைத் தன் மடிக்கு அருகே இழுத்து வைத்து நர்சம்மா ஒரு முறை கழுவிக் காட்டுவார். மறுநாளிலிருந்து வீட்டில் இருப்பவர்கள் தொடுவார்கள்.

பிரசவம் இன்று ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதைக் காட்டி, வீடு தேடிப் போகும் வேலைக்கு இனி என்ன அவசியம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி தாயையும் பிள்ளையையும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆஷா பணியாளரும் நர்சம்மாவும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தொப்புளில் என்ன வைத்திருக்கிறார்கள், குழந்தை பால் இழுக்கிறதா, மார்புக்கூடு உள்வாங்குகிறதா, தாய்க்கு உதிரம் நாற்றமடிக்கிறதா, அவள் ஏன் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அனுபவமுள்ளவர்கள் அதைக் கேட்காமல் எழுந்திருப்பதில்லை. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பதும் அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

தடுப்பூசியிலும் யாருக்கும் தெரியாத ஒரு தீர்மானம் அவர் கையில் இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி குப்பியையோ தட்டம்மை-ரூபெல்லா குப்பியையோ திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பல குழந்தைகளுக்கு உள்ள மருந்து, வந்திருப்பதோ ஒரே குழந்தை. வீணாக்காதே என்று கணக்கு கேட்பார்கள். ஒரு குழந்தைக்காகவும் திற என்பதும் விதிதான். செங்கல் சூளைக்கு நாளை குடிபெயரப் போகிற குடும்பத்தின் பிள்ளை என்றால் அவர் யோசிக்காமல் திறந்துவிடுவார். வீணாகும் கணக்குக்கு அடுத்த கூட்டத்தில் அவர் பதில் சொல்லிக்கொள்வார்.

நகரத்துக்குள்ளும் இப்போது வேறு மாதிரியான கிராமங்கள் உண்டாகிவிட்டன. முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் பெரிய வீட்டில் தனியாக ஒரு முதியவர். பிள்ளைகள் பாரிஸ் புறநகரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ. பிரெஞ்சு ஓய்வூதியம் மாதந்தோறும் வந்துவிடும், ஆள் வராது. பார்த்துக்கொள்ள வருகிற பெண் பாகூர்ப் பக்கமிருந்தோ கடலூர்ப் பக்கமிருந்தோ பஸ் ஏறி வருபவர், எந்தப் பயிற்சியும் பெறாதவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம், சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற கணக்கு தாயையும் சேயையும் மனதில் வைத்துப் போட்டது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போட வேண்டும், அதை எந்தச் செவிலியரும் வெளியிலிருந்து வந்து செய்ய முடியாது.

நர்சம்மாவைத் தெய்வம் என்றும் தியாகி என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டாவது ஆளை நியமிக்க வேண்டியதில்லை. ஆஷாக்களுக்கு மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கேற்ற ஊக்கத்தொகை என்று கொடுத்துக்கொண்டே இருக்கலாம். துணை நிலையத்தில் தண்ணீர் வரும் கழிவறை இல்லாமலே வருடங்களை ஓட்டலாம். முதியோருக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற வீட்டுச் செவிலியர்கள் இந்த ஊருக்கு உடனே தேவை. இத்தனை செவிலியர் கல்லூரிகள் இருக்கும் ஊரில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

அதுவரை நர்சம்மா செய்வது கற்றுக்கொடுப்பதுதான். அப்பாவின் முதுகில் சிவந்திருக்கும் இடத்தைக் காட்டுகிறார். மருமகள் முன்னால் வந்தால், "நீ இரும்மா, தம்பி வரட்டும்" என்று மகனைக் கூப்பிடுகிறார். ஐம்பது வயது மகன் கூச்சத்தோடு வந்து நிற்கிறான். தோளிலும் இடுப்பிலும் எங்கே கை கொடுக்க வேண்டும், எப்படி இழுக்காமல் புரட்ட வேண்டும், அழுக்கை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவன் கையைப் பிடித்தே காட்டுகிறார். வியாழக்கிழமை மறுபடியும் வருவேன் என்கிறார். அன்றைக்கு முதலில் பார்க்கப்போவது அப்பாவின் முதுகைத்தான் என்று அவனுக்கும் தெரியும்.